அத்தியாயம் 6: சமையல்கூடத்தில் விபத்து நடக்கும் இடங்கள்

“பார்த்து வேலை செய்யக் கூடாதாடா?” சுட்ட கையோடு நிற்கும் பையனைப் பார்த்து ஓட்டல் சமையல்கூடத்தில் முதலில் எழும் கேள்வி இது. மாஸ்டர் கேட்பார், இல்லையென்றால் முதலாளி கேட்பார். அந்தக் கேள்வியோடு விசாரணையும் முடிந்துவிடும். பையன் இரண்டு நாள் லீவு எடுப்பான். அவன் வழுக்கி விழுந்த அதே இடத்தில் அடுத்த மாதம் இன்னொருவர் விழுவார்.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு வெளியே நூறு இலை காத்திருக்கும்போது, எந்த மனிதராலும் காலடியையும் கையையும் அடுப்பையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனவே, வேலை செய்பவரின் கவனம் ஒரு நொடி தவறினாலும் காயம் படாதபடி இடத்தையும் பாத்திரத்தையும் வேலை முறையையும் முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முதலாளிக்கும் மாஸ்டருக்கும் உரியது. இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது. பாத்திரம் கழுவுகிற பையனும் படித்தால் நல்லதுதான். ஆனால் பொருளை எங்கே வைப்பது, எப்போது வாங்குவது, யாரை எந்த வேலையில் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை.

கொதிப்பவை

நம் ஊர் ஓட்டல்களில் கத்தியைவிட அதிகம் காயப்படுத்துவது சாம்பார், ரசம், கஞ்சி, வெந்நீர், எண்ணெய் ஆகியவைதான். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் ஐந்து விநாடி தோலில் பட்டாலே ஆழமான புண் வந்துவிடும். 70 டிகிரி என்றால் ஒரு விநாடி போதும். பரிமாறும் சாம்பார் கெடாமல் இருக்க அதை 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, சரியாகப் பராமரிக்கப்படும் சாம்பார் எப்போதுமே சுடும் சாம்பார்தான். ‘ஆறிப்போயிருக்கும்’ என்ற எண்ணத்துக்கு ஓட்டலில் இடமில்லை.

பெரிய அண்டா தரையோடு தரையாக இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. 2022-ஆம் ஆண்டு மதுரையில் ஆடித் திருவிழாவுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த அண்டாவில் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு திருமண வீட்டில், சமையல் குழுவோடு பகுதிநேர வேலைக்கு வந்த கல்லூரி மாணவர் கொதிக்கும் ரசப் பாத்திரத்தில் தவறி விழுந்து இறந்தார். இதில் ஒன்று கோயில், இன்னொன்று கல்யாணம். ஆனால் ஆள் விழுகிற அளவு அகன்ற பாத்திரம் முழங்கால் உயரத்தில் இருப்பது நம் மெஸ்களிலும் மண்டபங்களிலும் அன்றாடக் காட்சி. பாத்திரத்தின் விளிம்பு நிற்பவரின் இடுப்புக்கு மேலே இருந்தால், தடுமாறுகிறவர் விளிம்பில் மோதுவார், உள்ளே விழ மாட்டார். அடுப்பை உயர்த்திக் கட்ட முடியாத இடத்தில் கோட்டை அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் இரும்புக் குழாயில் தடுப்பு வைத்துவிடுங்கள். ஒரு நாள் வெல்டிங் வேலைதான்.

இறக்கி வைத்த பாத்திரம் அடுப்பில் இருப்பதைவிடவும் மோசம். தீ எரியும் இடத்தை எல்லோரும் மரியாதையோடு சுற்றிப் போவார்கள். நடைபாதை ஓரம் இறக்கி வைத்த ரசம் அமைதியாக இருக்கும், ஆவியும் அதிகம் வராது. பின்பக்கமாக நகர்ந்து வருகிறவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. இறக்கி வைக்கவென்று சுவர் ஓரமாக ஓர் இடம் ஒதுக்கி, அந்த இடத்துக்கு மஞ்சள் பெயின்டில் கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு வெளியே சூடான பாத்திரம் நிற்கக் கூடாது, மூடி இல்லாமலும் நிற்கக் கூடாது.

தூக்கும் வேலையில் எடையைக் கணக்கிடுங்கள். 50 லிட்டர் சாம்பார் 50 கிலோவைத் தாண்டும், பாத்திரத்தின் எடை தனி. இரண்டு பேர் தூக்கினாலும், ஒருவர் உயரமாகவும் மற்றவர் குட்டையாகவும் இருந்தால் குட்டையானவர் பக்கம் அது ததும்பும். என் பரிந்துரை, கொதிக்கிற பெரிய பாத்திரத்தைத் தூக்கவே கூடாது என்பதுதான். அடுப்பில் இருக்கும்போதே பெரிய மொண்டுகரண்டியால் 10 லிட்டர் தூக்குகளில் மொண்டு, மூடி, தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகட்டும். பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பத்து நிமிடத்தைப் பந்திக்கு முன்பே கணக்கில் வைத்துச் சமையலைத் தொடங்குங்கள்.

சோறு வடிப்பதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்து, கஞ்சி ஓடும்போது முகத்தில் ஆவி அடிக்க நிற்கும் அந்த வேலையில் இரண்டு கையும் சிக்கியிருக்கும், கண்ணும் மறைந்திருக்கும். மூடி சற்று நழுவினால் கஞ்சியும் சோறும் சேர்ந்து தொடையிலும் காலிலும் கொட்டும். கஞ்சி கெட்டியானது, வெந்நீரைப் போல ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டை போட்ட உள்கூடையில் அரிசியை வேகவைத்து, கூடையை மட்டும் உயர்த்தினால் வடிப்பதே தேவையில்லை. பெரிய மெஸ் என்றால் நீராவியில் வேகவைக்கும் முறைக்கு மாறிவிடலாம். பழைய முறையையே தொடர வேண்டியிருந்தால், வடிக்கிற தொட்டி பாத்திரத்தின் அதே உயரத்தில் இருக்கட்டும். வடிப்பவருக்கு முழங்காலுக்குக் கீழே வரும் ரப்பர் ஏப்ரனும் மூடிய பூட்ஸும் கட்டாயம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிப்பதை அனுமதிக்காதீர்கள்.

பிடிதுணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணியில் சூடு நொடியில் ஏறிக் கையைச் சுடும், கை தானாகவே பாத்திரத்தை விட்டுவிடும். மேஜை துடைக்கும் துணியும் பாத்திரம் பிடிக்கும் துணியும் ஒன்றாக இருக்கும் சமையல்கூடத்தில் இது தினமும் நடக்கக் காத்திருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் துணி வாங்கிக் கொடுங்கள்.

இட்லி ஸ்டீமரைத் திறக்கும்போது, ஆவி வால்வை மூடி, அரை நிமிடம் பொறுத்து, கதவின் பின்னால் நின்றுகொண்டு கதவையே கேடயமாக வைத்துத் திறக்க வேண்டும். முகத்தை நீட்டி ‘வெந்துடுச்சா’ என்று பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு ஆபத்து. குக்கரில் பருப்பு பாதி அளவுக்கு மேல் வேண்டாம். பருப்பு நுரைத்து ஆவித் துளையை அடைத்துவிடும்.

எண்ணெய்ச் சட்டி

வடையும் பஜ்ஜியும் போடும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது உடனே ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். எண்ணெய் தெறிப்பதற்கும், எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரை வரை எழுவதற்கும் இந்த ஒன்றே காரணம். கழுவிய கறிவேப்பிலையை உதறாமல் தாளிப்பில் போடுவது, உறைந்த கட்லெட்டை ஐஸ் ஒட்டியபடியே இறக்குவது, உளுந்து மாவைத் தொடும் கையில் தண்ணீர் சொட்ட வடை தட்டுவது எல்லாம் இதே ஆபத்தின் வடிவங்கள்.

சீடை வெடிப்பதும் அப்படித்தான். வெளிப்பக்கம் முறுகி இறுகிவிட, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வழி தேடும். மாவைச் சலித்து, உருண்டையை அழுத்தி உருட்டாமல், ஊசியால் ஓரிரு துளை போட்டு, மிதமான சூட்டில் பொரித்தால் வெடிக்காது. மிளகாய் பஜ்ஜிக்கு மிளகாயைக் கீறாமல் போடுவதிலும் இதே சிக்கல் உண்டு. பலகார மாஸ்டர்களுக்கு இது தெரியும். கோகுலாஷ்டமி, தீபாவளி நெருக்கடியில் கைக்கு உதவியாக நிறுத்தும் புது ஆட்களுக்குத் தெரியாது. அவர்களை எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே நிறுத்தாதீர்கள்.

சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. சட்டியின் கைப்பிடியோ ஜல்லிக்கரண்டியின் காம்போ நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எண்ணெய் புகையத் தொடங்கினால் அதுவே கடைசி எச்சரிக்கை. அதற்குப் பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் இன்னும் சீக்கிரம் புகையும். எண்ணெயில் கெட்டுப்போன போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பது சாப்பிடுபவரின் உடல்நலத்துக்காக. அதே விதி பொரிப்பவரின் கையையும் காக்கிறது.

சட்டி பற்றிக்கொண்டால் மூன்றே காரியம். கேஸை மூடு. பாத்திரத்தின் மேல் பக்கவாட்டிலிருந்து மூடியைத் தள்ளி மூடு. தொடாமல் ஆறவிடு. மூடியைத் தேடி ஓட வேண்டியிருக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணெய்ச் சட்டிக்கும் அளவான ஒரு இரும்பு மூடி பக்கத்துச் சுவரில் தொங்க வேண்டும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் பலரைக் கொன்றிருக்கிறது. ஓடும் காற்றில் சுவாலை தூக்கிச் செல்பவரின் முகத்துக்கே திரும்பும். தண்ணீர் சொட்டும் சாக்கை மேலே போடும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்தச் சொட்டுகளே போதும் எண்ணெயைப் பொங்கவைக்க.

தீயணைப்பான் வாங்கும்போது கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டிவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சுவாலையை ஊதி அணைக்கும், ஆனால் எண்ணெயை ஆறவைக்காது, மறுபடி பற்றிக்கொள்ளும். வேகமாக அடித்தால் எரியும் எண்ணெயைச் சிதறவும் வைக்கும். சமையல் எண்ணெய்த் தீ ‘எஃப்’ வகை. அதற்கென்று பொட்டாசியம் உப்புக் கரைசல் நிரப்பிய தீயணைப்பான் கிடைக்கிறது. அது எண்ணெயின் மேல் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிக் காற்றைத் தடுப்பதோடு, எண்ணெயையும் ஆறவைக்கும். விலை கூடுதல். மின்சாதனங்களுக்கு ஒன்று, அடுப்புப் பகுதிக்கு ‘எஃப்’ வகையில் ஒன்று என்று வாங்குங்கள். இரண்டையும் அடுப்புக்கு மேலே மாட்டாமல் வெளியேறும் வழியில் மாட்டுங்கள். தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிய தீயணைப்பானால் பயனில்லை.

புகைக்கூண்டின் உள்ளே படியும் எண்ணெய்ப் பிசுக்கு இன்னொரு எரிபொருள் கிடங்கு. ஹூட்டில் இருக்கும் வடிகட்டித் தகடுகளை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் காரச் சோப்பில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பரோட்டா, சிக்கன் பொரிக்கும் கடை என்றால் ஒரு வாரம்கூட அதிகம். ஹூட்டுக்கு மேலே போகும் தகரக் குழாயின் உட்புறத்தை ஆள் வைத்துச் சுரண்ட வேண்டும். வெளியே பளபளப்பாகத் துடைத்த ஹூட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ தொடங்கிய இடம் சமையல் கொட்டகை, அதைப் பரப்பியது கீற்றுக் கூரை. இன்றைக்கும் சாலையோர உணவகங்களில் ‘இயற்கையான சூழல்’ என்று அடுப்புக்கு மேலேயே கீற்று வேய்கிறார்கள். சாப்பிடும் இடத்துக்கு வேண்டுமானால் தள்ளி வேய்ந்துகொள்ளட்டும். அடுப்புக்கு மேலே தகரம் அல்லது கான்கிரீட் தவிர வேறெதுவும் கூடாது. இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்க மாட்டேன்.

கேஸ்

ஓட்டலுக்கு உரியது 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அப்படி வைத்திருப்பவர்கள் அதிகாரி கண்ணில் படாமல் மறைக்க, மூட்டைகளுக்கு நடுவிலும் படிக்கட்டின் அடியிலும் காற்றோட்டமில்லாத இடத்தில் வைப்பார்கள். பயன்படுத்துவதே தவறு, மறைத்து வைக்கும் இடத்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தரையோடு தவழ்ந்து, சாக்கடைக் குழியிலும் அடித்தளத்திலும் மேஜைக்கு அடியிலும் தேங்கும். அதனால் சிலிண்டர் அறைக்குத் தரை மட்டத்தில் காற்றுத் துளை வேண்டும். கசிவு உணரும் கருவியைப் பொருத்தினால் அதுவும் தரைக்கு அருகில்தான் இருக்க வேண்டும், சீலிங்கில் மாட்டினால் பயனில்லை. காற்றில் வெறும் 2 சதவீத அளவு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். நின்று வேலை செய்பவரின் மூக்குக்கு வாசனை எட்டும்போது, தரையில் அதைவிட அதிகம் தேங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசனை வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனையும் தொடக் கூடாது. சுவிட்சின் உள்ளே எழும் பொறி போதும். சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு, வெளியே நின்றுகொண்டுதான் போனை எடுக்க வேண்டும். கசிவுக்கான அவசர எண் 1906.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பதும், வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவதும் பல கடைகளில் நடக்கிறது. நிமிர்ந்திருக்கும் சிலிண்டரில் திரவம் அடியிலும் வாயு மேலேயும் இருக்கும். சாய்த்தால் திரவமே குழாய்க்குள் ஏறும். அது வெளியே வந்து வாயுவாக மாறும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரியும். பர்னரில் தீ திடீரென்று சீறி எழுவது அதனால்தான். அரை கிலோ கேஸை மிச்சப்படுத்த இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா?

ரப்பர் ட்யூபில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள உறைபோட்ட ட்யூபாக இருந்தாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது. ஓட்டல் சூட்டிலும் எண்ணெயிலும் அதற்கு முன்பே வெடிப்பு விடும், எலியும் கடிக்கும். மாதம் ஒருமுறை சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது என்பதால் சொல்கிறேன், அது தற்கொலைக்குச் சமம்.

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரி இரவில் தீப்பற்றியது. அணைக்கப் போனபோது உள்ளிருந்த சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்கள் பலர் தீக்காயம் அடைந்தார்கள். கட்டடத்துக்கு வெளியே, பூட்டிய கம்பிக் கூண்டில் சிலிண்டர்கள் இருந்து, அங்கேயே அடைக்கும் வால்வும் இருந்தால், உள்ளே தீப்பிடித்தாலும் வெளியிலிருந்தே கேஸை நிறுத்தலாம். இரவு கடை சாத்தும்போது மூட வேண்டியது அடுப்பின் குமிழை மட்டுமல்ல, அந்த வெளி வால்வையும்தான். யார் மூடினார் என்று கையெழுத்துப் போட ஒரு நோட்டு வையுங்கள். தீயணைப்பு வண்டி வந்தால் சிலிண்டர் எத்தனை, எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். கூட்டத்தைத் தெருமுனைக்கு அப்பால் அனுப்புங்கள்.

இயந்திரங்கள்

கிரைண்டர் அரைக்கும் வேலை பெரும்பாலும் பிற்பகலிலோ இரவிலோ ஒற்றை ஆளிடம் விடப்படுகிறது. பல கடைகளில் அவர் ஒரு பெண். ஓரத்தில் ஒட்டிய மாவைச் சுழலும்போதே கையால் தள்ளிவிடுவது எல்லோருக்கும் பழகிய ஒன்று. கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் விரல் மாட்டுவது அந்த நொடியில்தான். நீளமான மரத் துடுப்பு ஒன்றை கிரைண்டரோடு சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள். சேலை முந்தானையைச் செருகி அதன்மேல் ஏப்ரன் கட்ட வேண்டும். துப்பட்டா, கழுத்தில் சுற்றிய துண்டு, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, வளையல் எல்லாம் சுழலும் எந்திரத்துக்கு இரை. கயிறு நம்பிக்கை சார்ந்த விஷயம், கழற்று என்று அதட்டினால் மனம் புண்படும். மேல்கையில் ஏற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சுவிட்ச் அரைப்பவரின் கை எட்டும் தூரத்தில், இரு கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். வலது கை மாட்டிக்கொண்டால் இடது கையால் அணைக்க முடியுமா என்று நின்று பாருங்கள். தேங்காய் துருவும் மெஷின், காய் வெட்டும் மெஷின், கறி அரைக்கும் மெஷின் மூன்றுக்கும் பொருளைத் தள்ளக் கட்டை உண்டு. அந்தக் கட்டை காணாமல் போன அன்றிலிருந்து விரல் உள்ளே போகத் தொடங்கும். கட்டை இல்லையென்றால் மெஷின் ஓடக் கூடாது என்று மாஸ்டர் உறுதியாக இருக்க வேண்டும். கழுவும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். கை உள்ளே இருப்பது தெரியாமல் வேறொருவர் வந்து சுவிட்சைப் போட்ட கதைகள் ஏராளம்.

ஈரத் தரையும் ஈரக் கையும் உள்ள இடத்தில் மின்கசிவு உயிரைக் குடிக்கும். எர்த் இணைப்போடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். கசிவு வந்த கணத்தில் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். அதில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். கிரைண்டரைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறது என்று அக்கா யாராவது சொன்னால், செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு என்று பதில் சொல்லாதீர்கள். அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தரை, கத்தி, ஆசிட்

சமையல்கூடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பது சுத்தம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. எண்ணெய் சிந்திய இடத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவத்தான் செய்யும். முதலில் மரத்தூளோ பழைய செய்தித்தாளோ போட்டு உறிஞ்சவிட்டு வழித்தெடுத்து, பிறகு சோப்பும் வெந்நீரும். பந்தி நேரத்தில் ஈர மாப் போடக் கூடாது, சிந்தியதை மட்டும் துடைத்து உலர்த்த வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் டைனிங் ஹாலுக்கு அழகு, அடுப்படிக்குச் சொரசொரப்பான டைல்ஸோ கடப்பாக் கல்லின் கொத்திய பக்கமோ வேண்டும். ஹவாய் செருப்பு ஈரத்தில் வழுக்கும், மேலே கொட்டும் சாம்பாரையும் தடுக்காது. காலை மூடிய, அடிப்பகுதி வழுக்காத செருப்பை முதலாளி தன் காசில் வாங்கிக் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தால் யாரும் போட மாட்டார்கள்.

கத்தி மழுங்கியிருந்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் நழுவும். தினமும் தீட்டுங்கள். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத் துணி விரித்தால் பலகை நகராது. கழுவும் தொட்டியில் நுரைக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போகிறவர், கழுவ வரும் பையனின் கைக்குப் பொறி வைக்கிறார். கறி வெட்டுபவரின் இடது கைக்குக் கம்பி இழை கையுறை கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள்.

பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்துக் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது மூச்சை அடைத்துவிடும். ஆசிட்டையோ பினாயிலையோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தாகத்தில் வருகிறவன் லேபிளைப் படித்துவிட்டா குடிப்பான்?

மனிதர்கள்

இன்று நம் ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவதிலிருந்து தந்தூரி அடுப்பு வரை பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், மற்ற வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். சூடான பாத்திரத்தோடு வரும் தமிழ்ப் பையன் “சூடு, சூடு, வழி விடு!” என்று கத்துகிறான். முந்தாநாள் ரயிலில் வந்து இறங்கியவனுக்கு அது புரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதல் பாடமாகச் சொல்லித்தர வேண்டியது ‘சூடு’, ‘பின்னாடி’, ‘எண்ணெய்’, ‘கேஸை மூடு’ என்ற நான்கு சொற்கள். அவன் மொழியில் அவற்றை என்ன சொல்வார்கள் என்று நம் ஆட்களும் கற்றுக்கொள்ளட்டும். சுவரில் எழுதி ஒட்டுவதைப் படம் வரைந்து ஒட்டுங்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு இட்லி அடுப்பைப் பற்றவைத்தவர் இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாக் கல்லருகே நிற்கக் கூடாது. களைத்த கை தவறத்தான் செய்யும். மே மாத வெயிலில் அடுப்படிச் சூடும் சேர்ந்தால் தலைசுற்றல் வரும். கொதிக்கும் அண்டா பக்கத்தில் தலைசுற்றல் வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். அடுப்பருகே நிற்பவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. தங்கும் அறை இல்லாத கடைகளில் பையன்கள் சமையல்கூடத்திலேயே படுக்கிறார்கள். கரி அடுப்பிலும் பிரியாணித் தம்முக்குப் போட்ட தணலிலும் தீ அடங்கினாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானலில் குளிருக்காகவும் சமையலுக்காகவும் அறைக்குள் கரியை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. தணலைத் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைத்து, கட்டடத்துக்கு வெளியே கொட்டிய பிறகுதான் கதவை அடைக்க வேண்டும். முடிந்தால் அவர்களுக்கு ஒரு அறை பார்த்துக் கொடுங்கள்.

சுட்டுவிட்டால்

ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். முதலுதவி என்று ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் இதை வையுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும், ஐஸ் கூடாது. அது ஏற்கெனவே புண்ணான தோலை இன்னும் கெடுக்கும். மோதிரம், காப்பு, வாட்சை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். நனைந்த துணியைக் களையுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் சுற்றிலும் கத்தரியுங்கள். இட்லி மாவு, பேஸ்ட், இங்க், மஞ்சள், வெண்ணெய் எதையும் தடவக் கூடாது. மருத்துவமனையில் அதையெல்லாம் சுரண்டி எடுப்பதற்குள் அந்த மனிதர் படும் வேதனையைப் பார்த்தவர்கள் மறுபடி தடவ மாட்டார்கள். கொப்புளத்தை உடைக்காமல், பார்சல் கட்டும் சுத்தமான ஒட்டுப்படலத்தைச் சுருளிலிருந்து எடுத்து, முதல் சுற்றை எறிந்துவிட்டு, இறுக்காமல் மேலே போர்த்துங்கள். முகம், கை, கவட்டை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ, உள்ளங்கையைவிடப் பெரிய இடத்தில் பட்டிருந்தாலோ தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால் ஒவ்வொருவரையும் சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். ‘மூன்று மாதம் நிற்கிறானா பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது. புது ஆளுக்குத்தான் இடம் பழகியிருக்காது, அவருக்குத்தான் முதலில் அடிபடும்.

கல்லாவுக்குப் பக்கத்திலும் அடுப்படிக்கு வெளியிலும் பெரிய எழுத்தில் எண்களை எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, கேஸ் கசிவு 1906. அதற்குக் கீழே உங்கள் கடையின் முழு முகவரி, தெரு, பக்கத்தில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். பதறிப்போய் 108-க்குப் போன் செய்கிற வெளியூர்ப் பையனுக்கு, தான் வேலை பார்க்கும் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது.